மூன்றாம் ஓலை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், தம்பி. எனக்கு இந்த ஓரம் போதும். உங்கள் பையை மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். அதில் அச்சடித்திருக்கிற சாயக் கம்பெனிப் பெயரைப் பார்த்துத்தான் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்தேன். அங்கேதானே வேலை? சந்தோஷம். திருப்பூரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். பண உதவி இல்லை, பயப்படாதீர்கள்.

ஆனால் என்ன ஏது என்று சொல்லாமல் உதவி கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் இப்போதுதானே தாண்டியது, நேரம் இருக்கிறது.

என் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். மேடையில் பேசிப் பேசி எனக்கு இப்படித்தான் வருகிறது. வீட்டுக்காரிகூடச் சொல்வாள், “ஒரு டம்ளர் தண்ணி கேக்கதுக்குக்கூட பிரசங்கந்தானா?” என்று. என் பெயர் ஞானதுரை. தூத்துக்குடி. ஊழியக்காரன். ஐயர் இல்லை. எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம், நான் அந்த அளவுக்குப் படித்தவன் இல்லை. ரயில்வே ஸ்டேஷன், பழைய துறைமுகம், சந்தை, அந்தப் பக்கம் திரிகிற பையன்களைச் சேர்த்து ஒரு ஓட்டு வீட்டில் வைத்து வளர்த்தேன். சொலூஷன் தெரியுமா? பஞ்சர் ஒட்டுகிற பசை. அதைத் துணியில் ஊற்றி மோந்துகொண்டு கிடப்பான்கள். வீட்டுக்கும் ஆகாதவன், பள்ளிக்கூடத்துக்கும் ஆகாதவன், போலீஸ்காரனுக்கு மட்டும் வேண்டியவன். அப்படிப்பட்டவன்களைத்தான் தேடிப் பிடிப்பேன். வருகிற மாதம் வெள்ளி விழா.

வெள்ளி விழா என்றால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் இல்லை. எங்கள் ஐயர் கேட்கிறார், “துரை, சென்னையிலருந்தெல்லாம் பெரியவங்க வாராங்க. மூணு சாட்சி இருந்தா நல்லாருக்கும். மூணு இல்லன்னா ஒண்ணாவது.” சாட்சி என்றால் கோர்ட்டுச் சாட்சி இல்லை, தம்பி. நான் இப்படிப்பட்ட பாவியாக இருந்தேன், ஆண்டவர் என்னைச் சந்தித்தார், இப்போது இப்படி இருக்கிறேன் என்று சபைக்கு முன் நின்று சொல்வது. அதைத்தான் கேட்கிறார்.

யாரை நிறுத்துவேன்? ஒருவன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். ஒருவன் குடித்துவிட்டு உப்பளத்து வாய்க்காலில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இன்னொருவனை நேற்றுகூடப் பார்த்தேன், என்னைக் கண்டதும் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கப்பல் என்று ஒருவன், பட்டப்பெயர்தான், அவன் ஒருவன் நன்றாக இருக்கிறான், டீக்கடை வைத்திருக்கிறான். ஆனால் அவனிடம் சாட்சி கிடையாது. சின்ன வயதிலேயே கேட்டான், “அண்ணே, நான் பெருசா ஒண்ணும் செய்யலியே, என்னத்தச் சொல்ல?” பெற்றோர் செத்துவிட்டார்கள், பசித்தது, என்னிடம் வந்தான். அவ்வளவுதான். “அப்ப நீ பாட்டுக்குழுவுல நில்லு” என்றேன். மற்றப் பையன்கள் அவனைக் கேலி செய்வான்கள். “ஏல, பாவமே செய்யாத பாவி!”

காலையில் ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் ஜெபம் வருவதில்லை. இத்தனை வருஷம் என்ன செய்தேன் என்ற கேள்விதான் வருகிறது. எங்கே பிசகினேன்? உபவாசம் போதவில்லையா? எனக்குள் பெருமை இருந்ததா? கூட்டத்தில் என் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் குளிர்ந்துபோவேன், அதுவா? நானே என்னை உட்காரவைத்து விசாரிக்கிறேன். ஒரே ஒருவன் மட்டும் பழுதில்லாத கனி. அவனைத் தேடித்தான் போகிறேன். ஜெபசிங். நான் வைத்த பெயர்.

அவனைப் பழைய துறைமுகத்து மீன் கூடத்துக்குப் பின்னால் பிடித்தேன். மீசைகூட முளைக்கவில்லை. அதற்குள் கூர்நோக்கு இல்லத்துக்குப் போய்த் திரும்பியிருந்தான். கோயிலுக்குப் போன ஒரு கிழவியின் கழுத்துச் சங்கிலியைப் பெரிய பையன்களோடு சேர்ந்து அறுத்தவன். கிழவி விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. அவன் அம்மா துறைமுகப் பக்கம்... எப்படிச் சொல்ல, லாரிக்காரர்களிடம் போய்வருகிறவள். மகன் உள்ளே போனதும் அவளும் எங்கோ போய்விட்டாள்.

என்னிடம் வந்து ஒரு வருஷம் அவன் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு கன்வென்ஷன் கூட்டம். பந்தல் நிறைய ஜனம். யாருமே கூப்பிடாமல் இவன் எழுந்து மேடைக்கு வந்துவிட்டான். மைக்கைப் பிடித்தவன், “அந்தப் பாட்டி விழுந்ததும் என் மூஞ்சப் பாத்துச்சு” என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. விம்முகிறான். பந்தலே அழுதது. நானும் அழுதேன். அப்படி ஒரு சாட்சியை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்புறம் எல்லா ஊரிலிருந்தும் கூப்பிட்டார்கள். “அந்தப் பையனக் கூட்டிட்டு வாங்க.” எத்தனை ஊர், எத்தனை பந்தல்! அவனால்தான் எங்கள் ஓட்டு வீட்டுக்குக் காரைக் கூரை வந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டாவது கூட்டத்திலேயே ஒரு சிக்கல். அவனுக்கு அழுகை வரவில்லை. வேகவேகமாக, மளிகைச் சாமான் ஒப்பிக்கிறவன் மாதிரி சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். ஜனம் சும்மா உட்கார்ந்திருந்தது. அன்றுதான் அவனுக்குச் சாட்சி பழக்கினேன்.

இதுவும் ஒரு வேலை, தம்பி. உங்கள் தொழிலில் சாயம் பிடிக்க முதலில் துணியை வெளுக்க வேண்டுமாமே? எங்களுக்கு நேர் எதிர். முதலில் கறுக்க வேண்டும். இருட்டு எவ்வளவு கறுப்போ வெளிச்சம் அவ்வளவு வெளிச்சம். மொட்டை மாடியில் பையன்களை வரிசையாக நிற்க வைத்துப் பழக்குவேன். “கெழவி விழுந்துச்சுன்னு சொன்ன உடனே அடுத்ததுக்குப் போவாத. அந்த எடத்துல நிறுத்து. தரையப் பாரு. கேக்கவங்க மனசுக்குள்ள அவ விழணும். அப்புறம் மெதுவா சொல்லு.” அவன் கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

அம்மா கதையை மட்டும் சொல்ல மாட்டேன் என்றான்.

“அம்மயப் பத்தி வேண்டாம்ணே.”

“ஏன்டா? அதுதான் உன் இருட்டு.”

“அது என் இருட்டு இல்லண்ணே. அவ இருட்டு.”

சின்னப் பையனின் பேச்சு. நான் உட்காரவைத்து விளக்கினேன். நீ சொல்வது உன் அம்மாவுக்காக இல்லை, இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த வேறொரு பையன் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பானே, அவனுக்காக. கடைசியில் ஒத்துக்கொண்டான். சொன்னான். எந்த ஊரில் சொன்னாலும் அந்த இடத்தில் பெண்கள் பக்கம் முந்தானை கண்ணுக்குப் போகும்.

வளர்ந்தான். மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் சேர்த்துவிட்டேன். நல்ல கைத்தொழில். முதலாளி நம் ஆள்தான், இவன் சாட்சியைக் கேட்டு அழுதவர். அதனால்தான் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணவில்லை. முதலாளி நேரே இவனிடம் வந்து, “எடுத்திருந்தா சொல்லிரு தம்பி, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். எனக்குத்தான் ஒங்கதை தெரியுமே” என்றாராம். எவ்வளவு அன்பாகக் கேட்டிருக்கிறார், பாருங்கள். சாயங்காலம் அந்தச் சுருள் மேஜைக்கு அடியிலேயே கிடந்தது. இவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணே, இனி நான் சாட்சி சொல்லல.”

“ஏன்?”

“சொல்லிச் சொல்லி நான் இன்னும் அந்த மீன் கூடத்துலயேதான் நிக்கேன். மத்தவன்லாம் செஞ்சத மறந்துட்டான். என்னய மறக்க விட மாட்டேங்கியளே.”

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டேனா என்றும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன், இல்லை. “மறந்தா நன்றி போயிரும்ல. நன்றி போச்சுன்னா எல்லாம் போச்சு” என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச காலம் நானும் அவனைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. அது என் பலவீனம். அப்போது விட்டதால்தான் பின்னால் அவனுக்குத் தடுமாற்றம் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. கிருபாபுரம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே மாவு மில் வைத்திருக்கிறவர் மகள் பியூலா, தூத்துக்குடியில் நர்சுக்குப் படித்த பிள்ளை. பட்டறையில் கை வெட்டுப்பட்டுக் கட்டுப் போடப் போனவன், கட்டு ஆறிய பிறகும் போய்க்கொண்டிருந்திருக்கிறான். பியூலாவின் அப்பாவிடம் நான்தான் பேசினேன். “அநாதைப் பையன், நான் வளத்தவன், தங்கம்” என்றேன். அவர் அதிகம் கேட்காத மனிதர். “ஒங்க வளர்ப்புன்னா சரி அண்ணாச்சி” என்றார். நம் பக்கத்தில் இன்ன சாதி என்று கேட்காமல் ஒருவர் பெண் கொடுக்கிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. உங்களுக்கே தெரியும்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று ஐயர் அறிவிப்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அது ஒரு சடங்கு. மூன்றாம் ஓலையும் வாசித்து முடித்துவிட்டால் கல்யாணம் உறுதி.

முதல் ஓலை நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு, அந்த ஊரில் வாலிபர் ஞாயிறாக அமைந்தது. ஆராதனையை வாலிபர்களே நடத்துவார்கள், முடிந்ததும் அசனம், அதாவது ஊருக்கே சாப்பாடு. சிறப்புச் செய்திக்கு என்னை அழைத்தார்கள். இதைவிடப் பொருத்தம் வருமா? மாப்பிள்ளையே சாட்சி சொன்னால்?

அவன் வேண்டாம் என்றான். இப்போது ஒரே பேச்சில். “அண்ணே, காலப் பிடிச்சிக் கேக்கேன். இந்த ஊர்ல மட்டும் வேண்டாம். மூணாம் ஓலை முடிஞ்சிரட்டும். பியூலாட்ட நான் எல்லாம் சொல்லிட்டேன். அவ அப்பாட்ட அவளே பக்குவமா சொல்லுதேன்னா.”

“ஒளிச்சா கட்டுவ?” என்று கேட்டேன்.

அன்று அவன் முகத்தில் என்னவோ இருந்தது. பயம் என்று நினைத்தேன். சாட்சி சொல்லப் பயந்தவன் பின்வாங்கிப் போவான், அதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை பின்வாங்கிவிடக் கூடாது என்றுதான் நான் பிடிவாதமாக நின்றேன். இதில் எனக்கு என்ன லாபம், சொல்லுங்கள்?

ஞாயிறு அன்று கோயிலுக்குப் போனால், பெண்கள் பக்கத்தில், பியூலாவின் அம்மாவுக்கு அடுத்த இடத்தில் ஒரு பெண். புது நீலச் சேலை. தலையில் முக்காடு போடத் தெரியாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். நெற்றித் தழும்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பழைய துறைமுகத்தில் பார்த்த முகம், அவனைப் பெற்றவள். எங்கோ தேடிக் கண்டுபிடித்திருக்கிறான், இறால் கம்பெனியில் தோல் உரித்துக்கொண்டிருந்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூரத்துச் சித்தி என்று சொல்லி உட்கார வைத்திருந்தான்.

எனக்கு மனசு உருகிவிட்டது, தம்பி. காணாமல் போனவள் கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்! ஆண்டவர் எப்படிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்!

ஐயர் இரண்டாம் ஓலையை வாசித்தார். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்றார். ஒரு பிள்ளை இருமியதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அடுத்து நான் இவன் பெயரைக் கூப்பிட்டேன். வந்தான். சங்கிலிக் கதையைச் சொன்னான், கிழவியைச் சொன்னான். ஜனம் அசையாமல் கேட்டது. அம்மா வருகிற இடத்தில் நிறுத்தினான். தரையைப் பார்த்தான். நான் பழக்கியபடியே. நன்றாக வருகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் நிறுத்தினவன் தொடங்கவே இல்லை. “சொல்லு தம்பி” என்று மெல்ல எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டினான். கீழே வரிசையிலிருந்து என் வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள், உட்காருங்கள் என்கிற மாதிரி.

பாதியில் விட்ட சாட்சி எவ்வளவு கெடுதல் தெரியுமா? இருட்டைச் சொல்லி வெளிச்சத்தைச் சொல்லாமல் விடலாமா? எழுந்து போய் மைக்கை நானே வாங்கிக்கொண்டேன். மீதியை நான் சொன்னேன். அவள் எப்படிப் பிழைத்தாள், இவன் எந்தச் சூழ்நிலையில் பிறந்தான், எல்லாம். கடைசியில், “அந்தத் தாயே இன்று இந்த ஆலயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து நில்லுங்கள் அம்மா” என்றேன்.

ஒருவர்கூட அல்லேலூயா சொல்லவில்லை.

அவள் எழுந்து நின்றாள். நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல. பியூலாவின் அம்மா தன் சேலையை மெதுவாக இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இவன் அம்மா நடுவழியாக நடந்து வெளியே போனாள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூடப் போடவில்லை. சிவப்பு வார் வைத்த புதுச் செருப்பு.

இவன் என் பக்கத்திலேயே நின்றான். “இப்ப முடிஞ்சிதாண்ணே?” என்று கேட்டான். “முடிஞ்சிது தம்பி, நல்லா வந்துச்சு” என்றேன். அவன் தைரியத்துக்காகச் சொன்னது. அவனும் அதே வழியாக நடந்து போனான், அன்றோடு ஊரையே விட்டுப் போய்விட்டான். அசனத்துக்கு வைத்த சோற்றை ஊர் பேசாமல் சாப்பிட்டது.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. பியூலாவின் அப்பா வந்து, “அண்ணாச்சி, திருடுனவன்னா நான் மனசத் தேத்தியிருப்பேன். சின்னப் பிள்ளையில செஞ்சது. ஆனா அந்த அம்மா பக்கத்துல எங்க வீட்டுல நாளைக்கு எப்படி உக்காருவாங்க?” என்றார். பியூலா ஒருமுறை வந்து அவன் விலாசம் கேட்டாள். என்னிடம் இல்லை. அப்பாவுக்குக் கீழ்ப்படி, பொறுமையாயிரு என்று ஜெபித்து அனுப்பினேன். கீழ்ப்படிந்துவிட்டாள், வேறு இடத்தில் கல்யாணமாகி நாகர்கோவிலில் இருக்கிறாள்.

யோசித்துப் பார்க்கிறேன், தம்பி. ராத்திரி பகல் யோசிக்கிறேன். எது தடையாக நின்றது? அந்தச் சபையில் அன்பு இல்லை. அது நிச்சயம். வார்த்தையை ஏற்கும் பக்குவம் அவர்களுக்கு இல்லை. அல்லது என் குரலில் உருக்கம் போதவில்லையோ? அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. என் வீட்டுக்காரியைக் கேட்டேன். “அந்தப் பையன் ஒங்களப் பாத்த பார்வைய நீங்க பாக்கலியா?” என்றாள். பார்த்தேன். மைக் கொடுக்கவில்லை என்று வருத்தமோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் என் கூட்டங்களுக்கு வருவதில்லை. முழங்கால் வலி என்கிறாள்.

எத்தனை வருஷம் வளர்த்தேன்! ஒரு போன் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் நான் மன்னித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் போகிறேன். வெள்ளி விழா மேடையில் அவனும் அவன் அம்மாவும் சேர்ந்து நின்றால் போதும். அவளும் ஒரு வார்த்தை சொன்னால்... நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது. இல்லாவிட்டால் இத்தனை வருஷத்துக்கு நான் எதைக் காட்டுவேன்? வெறுங்கையோடா நிற்பேன்?

என் வீட்டுக்காரி அந்தச் செருப்பைத் துடைத்துப் பொதிந்து கொடுத்திருக்கிறாள். என் பைக்குள்தான் இருக்கிறது. “இதக் குடுத்துட்டு வாங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க” என்றாள். பெண்களுக்கு ஊழியம் புரியாது.

தாராபுரம் வந்துவிட்டதா? சரி, உதவிக்கு வருகிறேன். என்னை ஜெபசிங்கிடம் கொண்டுபோய் விட வேண்டும். உங்கள் கம்பெனியில்தான் இருக்கிறான் என்று கப்பல் உளறிவிட்டான். லோடு ஏற்றிக்கொண்டு வந்த யாரோ பார்த்தார்களாம். சொல்லிவிட்டுக் கப்பல் என் கையைப் பிடித்துக்கொண்டான், “அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாதுண்ணே. நல்லா இருக்கான். போவாதீங்க” என்று. நான் வைத்த பெயரை விட்டுவிட்டானாம். பழைய பெயர்தானாம். எனக்கு அது வாயில் வருவதில்லை. மாசானமுத்து. சாயம் கலக்குகிற மாஸ்டராக...

என்ன தம்பி? தெரியுமா? உங்கள் மாஸ்டரேதானா! பார்த்தீர்களா, ஆண்டவர் யார் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்!

எந்த அம்மா? மெஸ் நடத்துகிறாளா? நீங்களெல்லாம் அங்கேதான் சாப்பிடுகிறீர்களா? ஆமாம், அவள்தான். வேறு யார்? நெற்றியில் தழும்பு இருக்குமே. அதே அம்மாதான். ஏன் முகம் இப்படிப் போய்விட்டது? காலையில்கூட அவள் கையால்தானே சாப்பிட்டிருப்பீர்கள்? எப்படிப்பட்ட இடத்திலிருந்து எப்படிப்பட்ட இடத்துக்கு வந்திருக்கிறாள் என்று இப்போதாவது தெரிகிறதா?

யாருக்குப் போன்? ரூமில் கூட இருக்கிறவருக்கா? பேசுங்கள், பேசுங்கள். எனக்காகக் குரலைத் தாழ்த்த வேண்டாம். என் வேலை பாதி முடிந்தது. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாரும் கேட்டிருப்பார்கள்... ஆமாம், துறைமுகம்தான். லாரி ஆட்கள். சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

ஆனால் இவ்வளவு வேகமாக வேண்டாம், தம்பி. அம்மா வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, அப்புறம் மெதுவாகச் சொல்லுங்கள். அப்போதுதான் கேட்கிறவர்கள் மனசில் இறங்கும்.